ஆட்டுக்குக் கோமாரி, ஹோம்ஸ்டேவுக்குப் பூட்டு

இன்னைக்கு எபிசோடு ஒரு கால்நடை நோயைப் பத்தி. ஆனா பணக் கணக்கில் பார்த்தா அதிகமா அடி வாங்கினது ஆடு மாடு வச்சிருந்தவங்க இல்லை, ரூம் வாடகைக்கு விட்டவங்க.

2001 பிப்ரவரி 20. இங்கிலாந்தில் எசெக்ஸ் பகுதியில் ஒரு இறைச்சிக் கூடத்துக்கு வந்த பன்றிகளுக்குக் கோமாரி நோய்னு உறுதியாச்சு. அடுத்த ஏழு மாசத்தில் 2,026 இடங்களில் நோய் பரவி, 60 லட்சத்துக்கும் மேல் கால்நடைகளைக் கொன்னாங்க. மே 3-ல் நடத்தலாம்னு நினைச்சிருந்த பொதுத் தேர்தலையே டோனி பிளேர் ஜூன் 7-க்குத் தள்ளி வச்சார்.

கோமாரி மனுஷங்களுக்கு வர்றது ரொம்ப ரொம்ப அபூர்வம். ஆனா வைரஸ் செருப்பு மண்ணில் ஒட்டிக்கிட்டு அடுத்த பண்ணைக்குப் போயிடும். அதனால பிப்ரவரி கடைசியிலேயே, நடைபாதைகளை மூடுற அதிகாரத்தை உள்ளூர் கவுன்சில்களுக்குக் கொடுத்தாங்க. நோய் இல்லாத ஊர்லயும் மூடினாங்க. இங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும்: அந்த ஊர்க் கிராமங்களுக்கு வர்ற டூரிஸ்ட்டில் பலர் வர்றதே வயல் வழியா, மலை மேல நடக்கத்தான். பாதையை மூடினா கடையை மூடின மாதிரி. போதாததுக்கு, எரியுற மாட்டுக் குவியல்களை டிவி உலகம் முழுக்கக் காட்டிச்சு. லேக் டிஸ்ட்ரிக்ட் இருக்கிற கும்பிரியாதான் நோய் மிக மோசமா பரவின மாவட்டம். ஈஸ்டர் சீசன் அப்படியே போச்சு.

கொல்லப்பட்ட கால்நடைக்கு நஷ்ட ஈடு கொடுக்கணும்னு சட்டம் இருந்துச்சு. விவசாயிகளுக்கு 100 கோடி பவுண்டுக்கு மேல் போச்சு. அது நியாயமும்தான், மந்தையையே இழந்தவங்க அவங்க. சுற்றுலாவும் அதைச் சார்ந்த தொழில்களும் இழந்த வருமானமோ 450-லிருந்து 540 கோடி பவுண்டுன்னு தேசியத் தணிக்கை அலுவலகம் 2002-ல் கணக்குச் சொன்னுச்சு. வராம போன விருந்தாளிக்கு எந்தச் சட்டத்திலும் நஷ்ட ஈடு கிடையாது. அவங்களுக்குக் கிடைச்சது பெரும்பாலும் கடன் வசதி, வரி கட்ட அவகாசம், வணிக வரியில் சலுகை.

அந்த வரிச் சலுகையில்தான் ஓட்டை. இங்கிலாந்தில் வீட்டுக்காரங்களும் அதே வீட்டில் குடியிருந்து, ஒரே நேரத்தில் ஆறு பேருக்கு மேல் தங்க வைக்காம, சைடா ஒரு வருமானத்துக்காக நடத்துற இடத்துக்கு வணிக வரி கிடையாது, சாதாரண வீட்டு வரிதான். பி அண்ட் பி-னு சொல்வாங்க, நம்ம ஊர் ஹோம்ஸ்டே மாதிரி. கட்டாத வரியில் என்ன சலுகை தர முடியும்? எலிஜிபிலிட்டி செக் ஓடுற டேபிளில் இவங்க பேரே இல்லை.

பாதை விஷயத்தில் அரசாங்கம் பாடம் படிச்சுது. நாடு முழுக்க மூடினதும், திரும்பத் திறக்க எளிதான வழி வைக்காததும் தப்புன்னு இயன் ஆண்டர்சன் தலைமையிலான விசாரணை 2002-ல் சொன்னுச்சு. 2007 ஆகஸ்ட்டில் சர்ரேயில் கோமாரி மறுபடி வந்தப்போ நாடு முழுக்க மூடலை, நோய் இருந்த பகுதியைச் சுத்தித்தான் மூடினாங்க.

வரி ஓட்டை மட்டும் அப்படியே இருந்துச்சு. 2020 மார்ச், கோவிட். இந்தத் தடவை கடன் மட்டும் இல்லை, நேரடிப் பணம். சின்ன நிறுவனத்துக்கு 3,000 பவுண்டுன்னு மார்ச் 11-ல் அறிவிச்சு, ஆறே நாளில் 10,000 ஆக்கினாங்க. விடுதி, உணவகம் மாதிரி இடங்களில் கொஞ்சம் பெருசா இருந்தா 25,000. 2001-ஐ நினைச்சுப் பார்த்தா இது பெரிய மாற்றம், மறுக்கவே முடியாது. ஆனா யாருக்குக் கொடுக்கிறதுன்னு பார்க்க எடுத்தது அதே வணிக வரிப் பதிவேடு! அவசரத்தில் ரெடியா இருக்கிற லிஸ்ட்டைத்தான் எடுப்பாங்க, அது புரியுது. 19 வருஷமா அந்த லிஸ்ட்டை யாரும் சரிபண்ணாததுதான் எனக்குக் கடுப்பு.

வீட்டு வரி கட்டுற பி அண்ட் பி-க்கும் பணம் தரலாம்னு தனி நிதி ஒண்ணு மே மாசத் தொடக்கத்தில்தான் அறிவிச்சாங்க. அதிகபட்சம் 61.7 கோடி பவுண்டு. யாருக்கு எவ்வளவுங்கிறது அந்தந்தக் கவுன்சில் முடிவு. சந்தைக் கடைக்காரங்க, ஷேர்டு ஆபீஸில் இருக்கிற கம்பெனிகள், சின்னத் தொண்டு நிறுவனங்கள் எல்லாரும் அதே பணத்துக்குத்தான் வரிசையில் நின்னாங்க.