உங்கள் காரின் குறியீடுகள் என்ன சொல்கின்றன? ஒரு சிறு வரலாறு



இரண்டு மாதங்களுக்கு முன் நம் பி பிளாக் நண்பர் ஒருவர் பழைய கார் ஒன்றை விலை பேசி முடித்திருந்தார். "2019 மாடல் சார், ஒரே ஓனர்" என்றார் விற்பவர். பதிவும் 2019-தான். முன்பணம் கொடுக்கும் முன் சேஸிஸ் எண்ணைப் பார்த்தோம். அதில் பத்தாவது எழுத்து 'ஜே'. அப்படியென்றால் 2018. ஆர்.சி.யை எடுத்துப் பார்த்தால் அதிலும் உற்பத்தி 2018 என்றே அச்சாகியிருந்தது. அதுவரை அந்த வரியை யாரும் படிக்கவில்லை, அவ்வளவுதான். நண்பர் விலையைக் குறைத்துக் கேட்டார். விற்பவரும் மறுபேச்சில்லாமல் குறைத்தார்.

"ஒரு எழுத்தில் இவ்வளவு இருக்கிறதா?" என்று அன்று மாலை பார்க்கிங்கில் நின்றவர்கள் கேட்டார்கள். அதற்கான பதில்தான் இந்தக் கட்டுரை. கதை நம் ஊரில் தொடங்கவில்லை. 1960-களின் அமெரிக்காவுக்குப் போக வேண்டும்.

அந்தக் காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைகளில் ஒரே வரிசையில் பல விதமான கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒன்றுக்கு ஏசி, அடுத்ததற்குப் பெரிய எஞ்சின், அதற்கடுத்ததற்கு வேறு கியர்பாக்ஸ். எந்த வண்டியில் எதை மாட்டுவது என்று தொழிலாளிக்குத் தெரிய வேண்டுமே? அதற்காக ஒவ்வொரு கூடுதல் வசதிக்கும் மூன்று எழுத்தில் ஒரு குறியீடு கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் சுருக்கமாக ஆர்.பி.ஓ. என்பார்கள், வழக்கமான உற்பத்தியில் கிடைக்கும் விருப்பத் தேர்வு என்று பொருள். வாங்குபவர் படிப்பதற்காக அது எழுதப்படவில்லை. ஆலை தனக்குத் தானே எழுதிக்கொண்ட குறிப்பு அது.

ஆனால் அந்தக் குறிப்பைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு விளம்பரப் புத்தகத்தில் இல்லாத கார்கள் கிடைத்தன.

முதல் உதாரணம் இசட்28. செவ்ரலே நிறுவனம் 1967 மாடலாக கமாரோ என்ற காரைக் கொண்டுவந்தது. டிரான்ஸ்-ஆம் பந்தயத்தில் அதை ஓட்ட வேண்டுமானால் எஞ்சின் 305 கன அங்குலத்தை, அதாவது சுமார் 5 லிட்டரைத் தாண்டக் கூடாது. அதற்கென்றே 302 கன அங்குல எஞ்சின் ஒன்றைத் தயாரித்தார்கள். குறியீட்டுப் பட்டியலில் இசட்27 என்பது ஏற்கெனவே 'சூப்பர் ஸ்போர்ட்' தொகுப்புக்குப் போயிருந்தது. அடுத்த எண் இசட்28. ஆரம்பத்தில் விளம்பரத் தாள்களில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. குறியீடு தெரிந்தவர்தான் கேட்டு வாங்க முடியும். முதல் ஆண்டில் 602 வண்டிகளே விற்றன. பிறகு அந்தக் குறியீடே காரின் பெயராகி, வண்டியின் மேலேயே ஒட்டப்பட்டது.

இரண்டாவது, கார்வெட் காரின் எல்88. 1967-இல் எல்71 என்ற எஞ்சினுக்கு 435 குதிரைத்திறன் என்று போட்டிருந்தார்கள். அதைவிட விலை அதிகமான எல்88-க்கு 430 மட்டும். பட்டியலை மட்டும் படிப்பவர், "விலையும் அதிகம், சக்தியும் குறைவு, இது எதற்கு?" என்று தள்ளிவிடுவார். அதைத்தான் நிறுவனமும் விரும்பியது. உண்மையில் அது பந்தயத்துக்கான எஞ்சின். சக்தி 500-ஐத் தாண்டும். சாதாரண ஓட்டுநர் தெரியாமல் வாங்கிவிடக் கூடாது என்று ஹீட்டரைக்கூட எடுத்துவிட்டார்கள். பனி கொட்டும் நாட்டில் ஹீட்டர் இல்லாத கார்! அந்த ஆண்டு 20 வண்டிகள்தான் போயின.

மூன்றாவது கதைதான் நமக்கு முக்கியம். கமாரோ அளவுள்ள கார்களில் 400 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினைப் பொருத்தக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தனக்குத் தானே ஒரு விதி வைத்திருந்தது. ஆனால் போலீஸ் வண்டி, டாக்ஸி போன்ற மொத்த ஆர்டர்களுக்காகத் தலைமை அலுவலகத்தின் சிறப்பு ஆர்டர் என்று ஒரு தனி வழியும் இருந்தது. சுருக்கமாக 'கோப்போ'. 1969-இல் சில டீலர்கள் இந்த வழியாக 427 கன அங்குல எஞ்சின் பொருத்திய கமாரோக்களை வரவழைத்தார்கள். 9560 என்ற ஆர்டர் எண்ணில் முழுக்க அலுமினியத்தால் ஆன இசட்எல்1 எஞ்சின் வந்தது. மொத்தம் 69 கார்கள். அவற்றில் 50-ஐ இல்லினாய் மாநிலத்தின் லா ஹார்ப் என்ற சிற்றூர் டீலர் ஃபிரெட் கிப் ஆர்டர் செய்தார். எஞ்சினுக்கு மட்டும் 4,000 டாலருக்கு மேல் ஆனதால் காரின் விலை 7,000 டாலரைத் தாண்டியது. வாங்க ஆளில்லாமல் பல வண்டிகள் திரும்பிப் போயின.

இந்த வண்டிகளின் மேல் எஞ்சினைச் சொல்லும் பட்டயம் எதுவும் கிடையாது. அதைவிடப் பெரிய சிக்கல், அன்றைய செவ்ரலே வண்டி எண்ணும் எதையும் சொல்லாது என்பதுதான். 1969 கமாரோ எண் ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம்: 124379என் என்று தொடங்கும். 1 என்றால் செவ்ரலே. 24 என்றால் எட்டு சிலிண்டர் கமாரோ. 37 என்றால் இரண்டு கதவு கூப்பே. 9 என்றால் 1969. என் என்றால் ஒஹாயோவின் நார்வுட் ஆலை. அதன்பின் வரிசை எண். எட்டு சிலிண்டர் என்று மட்டும் தெரியும். எந்த எட்டு சிலிண்டர் எஞ்சின் என்று தெரியாது. சாதாரணக் காருக்கும் இசட்எல்1-க்கும் தொடக்க எண் ஒன்றேதான்.

பிற்காலத்தில் அந்த அரிய கார்களுக்குப் பெரும் விலை கிடைக்கத் தொடங்கியது. உடனே போலிகளும் வந்தன. சாதாரண கமாரோவில் வேறு எஞ்சினைப் பொருத்தி, அதன் மேல் பொய்யான எண்ணைக் குத்தி, "அசல்" என்று விற்றார்கள். வாங்கியவர்கள் சாட்சி தேட வேண்டியதாயிற்று. 1969 இசட்28 எஞ்சின் என்றால் அதன் மேல் 'டிஇசட்' என்று குத்தியிருக்க வேண்டும். ஆலையில் தொழிலாளி பார்த்து வேலை செய்த தாள், சில வண்டிகளில் சீட்டின் ஸ்பிரிங்குகளுக்குள்ளோ பெட்ரோல் டாங்கின் மேலோ அப்படியே கிடந்தது. ஆலைக்குத் தேவைப்படாமல் போன அந்த அழுக்குக் காகிதத்தை இன்று சொத்துப் பத்திரம்போலப் பாதுகாக்கிறார்கள்.

எண் பேசாத இடத்தில் விற்பவர் வாய்ச்சொல்தான் சாட்சி. 1981 மாடலிலிருந்து அமெரிக்க அரசு எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே அமைப்பில் 17 இலக்க எண்ணைக் கட்டாயமாக்கியது. ஐ, ஓ, க்யூ என்ற மூன்று எழுத்துகளை விலக்கினார்கள். 1, 0 என்று தவறாகப் படித்துவிடக் கூடாதே. ஒன்பதாவது இலக்கம் ஒரு காவலாளி. மற்ற இலக்கங்களை அவற்றுக்குரிய மதிப்புகளால் பெருக்கி, கூட்டி, 11-ஆல் வகுத்தால் வரும் மீதி அங்கே இருக்க வேண்டும். மீதி 10 என்றால் 'எக்ஸ்'. யாராவது ஓர் எழுத்தை மாற்றினால் பெரும்பாலும் கணக்கு இடிக்கும். இந்தக் காவல் வட அமெரிக்காவில் கட்டாயம். நம் நாட்டில் அந்த இடத்தை நிறுவனங்கள் தங்கள் தேவைக்கே பயன்படுத்துகின்றன.

இனி உங்கள் காருக்கு வருவோம். ஆர்.சி.யில் 'சேஸிஸ் எண்' என்று இருப்பது இந்த 17 இலக்கம்தான். முதல் மூன்றும் யார் தயாரித்தது என்று சொல்லும்: எம்ஏ3 என்றால் மாருதி சுசுகி, எம்ஏஎல் என்றால் ஹூண்டாய் இந்தியா, எம்ஏடி என்றால் டாடா மோட்டார்ஸ். நடுவில் உள்ளவை மாடல், எஞ்சின் போன்றவை. நம் நாட்டில் பெரும்பாலான கார்களில் பத்தாவது இலக்கம் ஆண்டு: ஜே 2018, கே 2019, எல் 2020, எம் 2021, என் 2022, பி 2023, ஆர் 2024. ஐ, ஓ, க்யூ விலக்கப்பட்டதால்தான் எச்-க்குப் பின் ஜே, என்-க்குப் பின் பி, பி-க்குப் பின் ஆர் வருகின்றன. மாதத்துக்கும் ஓர் எழுத்து உண்டு. அதன் இடமும் முறையும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

பழைய காருக்கு மட்டுமல்ல, புதுக் காருக்கும் இது பொருந்தும். ஜனவரியில் டெலிவரி எடுக்கும் வண்டி போன வருடச் சரக்காக இருக்கலாம். அதில் தவறில்லை, ஆனால் அதற்கேற்ற தள்ளுபடி உங்களுக்கு வர வேண்டும். நாளை நீங்கள் விற்கப் போகும்போது வாங்குபவர் உற்பத்தி ஆண்டைத்தான் பார்ப்பார். ஆகவே முழுப் பணத்தையும் கட்டும் முன் சேஸிஸ் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வண்டியில் குத்தியிருக்கும் எண்ணோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுங்கள். தேய்த்த தடம், கோணலான எழுத்து, புதிய பெயின்ட் தெரிந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இன்று மாலை கீழே இறங்கும்போது ஆர்.சி.யை எடுத்துக்கொண்டு போய் உங்கள் வண்டியின் பத்தாவது எழுத்தைப் பாருங்கள். படித்ததில் சந்தேகம் இருந்தால் நேரில் கேளுங்கள். முழு எண்ணையும் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம்.