இந்திய அமைதிப்படைச் சிப்பாயின் போர்க்கள வாழ்க்கை (1987–1990)

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் கையெழுத்தான இந்திய–இலங்கை ஒப்பந்தப்படி, உள்நாட்டு யுத்தத்தால் சிதைந்த வடக்கு, கிழக்கு மாகாணங்களில் சமாதானத்தை நிலைநாட்டச் சென்ற இந்திய அமைதிப்படையினர், அக்டோபரில் தொடங்கிய 'பவன்' நடவடிக்கையால் விடுதலைப் புலிகளோடு நேரடியாகப் பொருத நேர்ந்தது. யாழ்ப்பாணத்தின் குறுகிய ஒழுங்கைகளிலும், பின்னர் வன்னிக் காடுகளிலும் ரோந்து சென்ற சிப்பாய்க்கு, கண்ணிவெடியும், மறைந்திருந்து சுடுவோரும், பொதுமக்களிடையே போராளியைப் பிரித்தறிய இயலாமையும் நித்திய கவலைகளாயின. நீலகிரியின் வெலிங்டனைத் தலைமையகமாகக் கொண்ட மெட்ராஸ் ரெஜிமெண்ட்டின் தமிழ்ச் சிப்பாய்களுக்கோ, எதிர்த்தரப்பும் தம் தாய்மொழியே பேசியது விசேஷ சங்கடமாயிற்று. அமைதிப்படையினர் சுட்டதில் நோயாளிகளும் மருத்துவர்களும் மாண்ட யாழ் மருத்துவமனைச் சம்பவம் (1987 அக்டோபர் 21–22) படைக்கு நீங்காக் களங்கமானது. 1990 மார்ச்சில் கடைசி அணி திரும்புமுன் ஏறத்தாழ 1,200 வீரர்கள் உயிரிழந்தனர். அவர்களுள் மேஜர் இராமசுவாமி பரமேஸ்வரனுக்கு மரணத்திற்குப் பின் பரம வீர சக்கரம் வழங்கப்பட்டது.