கேளாத ஒலிக்கு ஓர் அணை

சப்-ஊஃபரை நாம் செவியால் மதிப்பிடுகிறோம். அதன் உயிரைக் குடிப்பதோ செவிக்கு எட்டாத ஒலி. அதிர்வெண் பாதியானால், அதே ஒலியளவுக்குக் கூம்பு நான்கு மடங்கு அசைய வேண்டும். துளையுள்ள பெட்டியில் நிலைமை இன்னும் கொடிது. பெட்டியை இசைவித்த அதிர்வெண்ணுக்குக் கீழே, உள்ளிருக்கும் காற்று கூம்பைத் தாங்குவதில்லை. திரைப்பட வெடியோசையோ இசைத்தட்டின் உறுமலோ 10 ஹெர்ட்ஸில் வந்தால், கூம்பு கடிவாளமற்று ஓடுகிறது. வாய்ஸ் காயில் சிதைகிறது.

இதற்குரிய கணிதம் ஆஸ்திரேலியாவில் பிறந்தது. அந்நாட்டுப் பொறியாளர் நெவில் தீல், 1961இல் வெளியிட்ட கட்டுரையில், துளைப்பெட்டி ஒலிபெருக்கியையே ஒரு நான்காம் படி ஹை-பாஸ் ஃபில்டராகக் கண்டார். அவ்வாறு கண்டதும், 1930இல் பிரிட்டனின் பட்டர்வொர்த் வகுத்த ஃபில்டர் கணிதம் தச்சுப்பட்டறைக்குள் நுழைந்துவிட்டது! பெருக்கிக்கு முன் துணை ஃபில்டர் சேர்த்த ஆறாம் படி அமைப்புகளையும் தீல் அட்டவணையிட்டார். இன்றைய பாதுகாப்பு ஃபில்டருக்கு முன்னோடியாக நாம் அவற்றையே கொள்வோம். கட்டுரையோ வெளியுலகம் அதிகம் அறியாமல் பத்தாண்டுகள் பரணில் கிடந்தது. 1971இல் அமெரிக்காவின் ஒலிப்பொறியியல் சங்க இதழ் அதை மறுபதிப்பிட்டது. சிட்னிப் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்தெழுதினார்.

அன்று மின்தேக்கிகளைக் கோத்துச் செய்ததை இன்று டிஜிட்டல் சில்லு செய்கிறது. 25 ஹெர்ட்ஸுக்கு இசைவித்த பெட்டிக்கு, 20 ஹெர்ட்ஸில் நான்காம் படி பட்டர்வொர்த் ஃபில்டரை இட்டால், 10 ஹெர்ட்ஸ் மின்னழுத்தம் பதினாறில் ஒரு பங்காகிறது. ஒலியைக் களவாடுவதென்று சுவைஞர் சிலர் இதை வெறுக்கின்றனர். 20 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலி சற்றே தாமதிப்பது மெய்தான். 15 என்று இட்டுப் பார்க்க விழைவோர், கூம்பின் அசைவெல்லை எத்தனை மில்லிமீட்டர் என்பதை முதலில் அறிந்துகொள்வது நலம்.