விதி மாறுவது எப்படி? ஃபோர்ப்ஸின் கொள்கையும் 1814-ஆம் ஆண்டுச் சதுரங்க நூலும்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் பாத்திரமேற்று ஆடும் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு 2014-இல் வந்தது; 2024-இல் அதன் விதிகள் திருத்தப்பட்டன. ஆயுதங்களுக்குத் தனித்தனித் தேர்ச்சிப் பண்புகள் சேர்ந்தன. பாத்திரத்தின் தொடக்கத் திறன் உயர்வு இனத்தை விட்டு வாழ்க்கைப் பின்னணியைச் சார்ந்ததாயிற்று. பழைய சாகச நூல்களைப் புதிய விதிகளோடும் ஆடலாம் என்று வெளியீட்டாளரான விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் கூறியது. இரண்டு விதித்தொகுதிகள் இப்படி ஒரே மேசையில் கலப்பதை இடைக்காலக் குழப்பமாக மட்டும் காண்பது தவறு. அந்தத் தவறான பார்வைக்கு ஆட்ட வரலாற்றில் தெளிவான முன்னோடி டங்கன் ஃபோர்ப்ஸ்.

1860-இல் வெளிவந்த சதுரங்க வரலாற்று நூலில் ஃபோர்ப்ஸ் ஒரு வரிசையை நிறுவ முயன்றார். நால்வர் பகடை உருட்டி ஆடிய சதுரங்கமே முதலில் இருந்தது; அதன் வயது ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகள்; சூதுக்கு எதிரான தடையால் பகடை விலகியது; நட்புப் படைகள் இணைந்து, இரண்டாம் அரசன் அமைச்சரானான்; இருவர் ஆட்டம் பிறந்தது. இதற்கு அவர் சார்ந்த பவிஷ்ய புராணப் பகுதி, வங்கத்து ரகுநந்தனரின் திதிதத்துவம் வழியாகவே கிடைக்கிறது. அந்நூலோ 15, 16-ஆம் நூற்றாண்டுகளை ஒட்டியது. நால்வர் பகடை ஆட்டத்தை விவரிக்கும் அல்பிரூனியும் 1030-ஐ ஒட்டியே எழுதுகிறார். பாணரின் ஹர்ஷசரிதமோ 7-ஆம் நூற்றாண்டிலேயே சதுரங்கத்தைச் சுட்டுகிறது. வான் டெர் லிண்டே முதல் மர்ரே வரை சதுரங்க வரலாற்றாசிரியர் பலரும் ஃபோர்ப்ஸின் காலக்கணிப்பை மறுத்தனர். ஆனால் காலத்தைத் திருத்தியதோடு நின்றுவிடலாகாது. ஒரு விதி பிறந்தால் மற்றொன்று ஒழிய வேண்டும் என்ற அவருடைய அடிப்படை ஊகமும் சோதிக்கத் தக்கது.

அந்தச் சோதனைக்கு உதவுவது, திருவேங்கடாசாரிய சாஸ்திரியின் பெயரில் 1814-இல் பம்பாயில் அச்சான ஆங்கிலச் சதுரங்க நூல். சமஸ்கிருத மூலத்திலிருந்து பெயர்த்தது, ஐரோப்பிய ஆட்டமுறைக்கு ஏற்ப அமைத்தது என்று அதன் தலைப்பே அறிவிக்கிறது. இந்திய முறையில் காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். அரசன் ஒருமுறை குதிரைபோல் தாவலாம். கோட்டை கட்டுதல் இல்லை. நூல் இவற்றை விட்டு அயல்முறையை ஏற்றது. ஆயினும் காலாளைக் கொண்டே முற்றுகை முடிய வேண்டும் என்ற நிபந்தனை அதன் புதிர்களில் தொடர்கிறது. ஐரோப்பிய விதி அத்தகைய முடிவுக்குத் தனி மதிப்பு எதுவும் தருவதில்லை. இந்திய ஆட்டக்காரர்களோ அதை உயர்ந்த வெற்றியாகப் போற்றினர். விதி மாறியபின்னும் பழைய சுவை அதனுள் குடியிருக்கிறது என்பதே என் வாசிப்பு. புதிர்கள் ஆட்டப் பழக்கத்துக்குச் சான்றாகா என்று மறுக்கலாம். அதில் நியாயம் உண்டு. அச்சாண்டு தெரிவதால் சமஸ்கிருத மூலத்தின் காலம் முடிவாகிவிடுவதும் இல்லை. ஆனாலும் புதிர் அமைப்பவர், தீர்ப்பவருக்கு எது இன்பம் தரும் என்று அறிந்தே அமைக்கிறார். இரு முறைகளையும் அறிந்த ஒரு வாசகர் வட்டம் இருந்திருக்க வேண்டும் என்ற அளவுக்கேனும் இச்சான்று தாங்கும்.

இதைவிட வலிய மறுப்பு ஒன்று உண்டு: இறுதியில் இந்திய முறை மறைந்துதானே போயிற்று? 1955-இல் ஏலூரில் முதல் தேசியச் சதுரங்கப் போட்டி நடந்தது. 1972-இல் சென்னையில் மானுவல் ஆரோன் டால் சதுரங்க மன்றத்தைத் தொடங்கினார். 2022-இல் மாமல்லபுரத்துச் சதுரங்க ஒலிம்பியாட்டில் பங்கேற்ற எல்லா நாட்டு அணிகளும் ஒரே விதியில் ஆடின. இவை போட்டியின் ஆற்றலைக் காட்டுகின்றன. முன்பின் அறியாதவர்கள் மோத வேண்டுமானால் ஒரே விதி தேவை. பழகியவர் கூடி, நடுவராக ஒருவரை ஏற்று ஆடும் இடத்தில் அந்த நெருக்கடி குறைவு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பெரும்பாலும் அப்படி ஆடப்படுவதே. எனவே தாம்பரத்து வீடொன்றில் 2014-இன் சாகசத்தை 2024-இன் விதியோடு ஆடுவோரைப் பின்தங்கியவர்களாகக் கருதுவது ஃபோர்ப்ஸின் பிழையையே மீண்டும் செய்வதாகும். நூல் வெளிவந்த ஆண்டை விதி மாறிய ஆண்டாகக் கொள்ளாமல், எந்தப் பழக்கம் எந்த விதிக்குள் தொடர்கிறது என்று பார்ப்பதே இத்துறை ஆய்வுக்குப் பொருத்தமான தொடக்கம்.