சிறுநீர்ப் பரீட்சையின் சரித்திரம்

புத்தளத்தை அடுத்த தில்லையடி, 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் வந்து குடியமர்ந்த ஊர்களுள் ஒன்று. தமிழைத் தாய்மொழியாகவும் இஸ்லாத்தை மார்க்கமாகவும் கொண்ட அம்மக்களுக்குச் சித்தம், யூனானி என்னும் இருவகை வைத்திய சாஸ்திரங்களும் உரிமையுடையன. கொழும்பு பொரளையில் 1929இல் தோன்றிய சுதேச வைத்தியக் கல்லூரியிலும் ஆயுர்வேதத்தோடு இவ்விரண்டும் இடம்பெற்றன. ரோகத்தை நிதானிக்கச் சிறுநீர் சிறந்த சாட்சி என்பதில் இவ்விரு சாஸ்திரங்களும் ஒருமனப்பட்டவை.

சித்த வைத்தியர் தேரையர் பெயரால் வழங்கும் முறைப்படி, விடியற்காலையில் எடுத்த நீரை நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் என ஐவகையாக ஆராய்ந்தபின், அகன்ற பாத்திரத்தில் வார்த்து வெயிலில் வைத்து, அதன்மீது ஒரு துளி நல்லெண்ணெயை விடுவர். துளி பாம்பாய் ஓடினால் வாதமென்றும், மோதிரமாய் வளைந்தால் பித்தமென்றும், முத்தாய்த் திரண்டு நின்றால் கபமென்றும் கொள்வர். யூனானி மரபின் பேராசான் இப்னு சீனாவும் தம் பெருநூலில் சிறுநீரின் நிறம், தெளிவு, மண்டி முதலியவற்றை விரித்துரைத்தார். எனினும், குப்பியைக் கண்ட மாத்திரத்தில் எல்லாவற்றையும் கணித்துரைக்கும் போலிகளும் ஐரோப்பாவிற் பெருகவே, 1637இல் லண்டனில் தோமஸ் பிரையன் அவர்களைக் கண்டித்துத் தனிநூலே எழுதினார்.

1847ஆம் ஆண்டில் லண்டனில் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ், எலும்பு மச்சையில் தோன்றும் புற்றால் வருந்திய ஒருவரின் சிறுநீரிற் கண்ட விசித்திரமான புரதத்தைப் பற்றி வெளியிட்டார். புற்றுநோயின் ரசாயன அடையாளம் மனிதனுக்கு முதன்முதல் அகப்பட்டது இவ்வாறு சிறுநீரிலேதான்.

முதிய ஆடவரை வருத்தும் புரோஸ்டேட் சுரப்பியின் புற்றைக் கண்டறியத் துணையாக 1994இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற பிஎஸ்ஏ என்னும் இரத்தப் பரீட்சை, சாதாரண வீக்கத்தாலும் அழற்சியாலும் உயர்ந்து காட்டுவதாகையால், புற்றில்லாத பலரும் ஊசியால் தசை எடுக்கும் வேதனைக்கு ஆளாயினர். அச்சுரப்பியோ நீர்வழியைச் சூழ்ந்து அமைந்தது. வைத்தியர் மலவாயின் வழியே விரலால் அதனை அழுத்தியபின் வெளிவரும் முதல் நீரில் அதன் உயிரணுக்கள் கலந்து வரும். புற்றணுக்களில் மிகுந்து காணப்படுவதாக 1999இல் அறிவிக்கப்பட்ட பிசிஏ3 என்னும் மரபணுவின் செயலை அந்நீரில் அளக்கும் பரீட்சை 2012இல் அமெரிக்க அங்கீகாரம் பெற்றது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையனின் குழுவினர் 2005இல் அப்புற்றில் கண்ட, இரு மரபணுக்கள் ஒன்றோடொன்று இணையும் மாற்றமும் பின்னர் சிறுநீரில் தேடப்படலாயிற்று.

பழைய வைத்தியர் சிறுநீரிடம் தேகம் முழுவதன் நிலையையும் வினவினார். பிசிஏ3 பரீட்சையோ, முன்னர்த் தசை எடுத்துப் புற்றில்லையெனக் கண்டவர்க்கு மீண்டும் எடுக்க வேண்டுமா என்னும் ஒரே வினாவுக்குத் துணை நின்று, இறுதித் தீர்ப்பைத் தசைப் பரிசோதனைக்கே விட்டுவிடுகிறது. தான் சொல்லத்தக்கது எவ்வளவு என்று எல்லை வகுத்துக்கொண்ட அந்த அடக்கமே, பிரையன் பழித்த கணிப்பினின்று இப்பரீட்சையைப் பிரித்து உயர்த்துவது.