பிரேக் ஆயில் மாற்றுதல்

காரின் ஹைட்ராலிக் பிரேக் அமைப்பிலுள்ள பழைய திரவத்தையும் உட்புகுந்த காற்றையும் வெளியேற்றிப் புதிய திரவம் நிரப்பும் பராமரிப்புப் பணி. ஓடிய தூரத்தைவிடக் காலத்தைக் கணக்கிட்டே இதைச் செய்ய வேண்டும். கிளைக்கால் ஈதர் சார்ந்த பிரேக் ஆயில் ஈரத்தை ஈர்க்கும். புதிய டாட் 4 வகையின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், 3.7 விழுக்காடு நீர் கலந்தபின் அதற்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்ச வரம்பு 155 டிகிரிதான். மலை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கையில் திரவம் கொதித்தால் ஆவிக்குமிழ்களே அமுங்கும். பெடல் தரைவரை இறங்கியும் வண்டி நிற்காது. மூடிய அமைப்பில் ஈரம் எப்படிப் புகும் என்று கேட்கலாம். ரப்பர் குழாய்களின் சுவர் வழியாகவே அது மெல்ல ஊடுருவுகிறது. திரவத்தின் தெளிந்த நிறத்தை நம்பவும் இயலாது. ஆகவேதான் பல தயாரிப்பாளர்கள் 2 ஆண்டு இடைவெளியைப் பரிந்துரைக்கின்றனர்.

வீட்டில் செய்வது ஆபத்து என்ற மறுப்பில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் ஆபத்து ஒழுங்குமுறையை மீறுவதில்தான் இருக்கிறது. ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தில் திரவத்தை வெளிவிடும் திருகான பிளீடர் நிப்பிளைத் திறந்து, பெடல் எழுமுன் மூட வேண்டும். மேலுள்ள பிரேக் ஆயில் தொட்டி ஒருபோதும் வற்றக் கூடாது. ஏ.பி.எஸ். அலகுக்குள் காற்று புகுந்துவிட்டால் பல வண்டிகளில் ஸ்கேன் கருவி தேவைப்படும். அந்நிலையில் பணிமனையை நாடுவதே சரி.