மேற்காசியாவில் பேரழிவு ஆயுதமற்ற மண்டலம்: நிபந்தனைப் பிணைப்பின் விலை

மேற்காசியாவை அணு ஆயுதமற்ற மண்டலமாக்கும் யோசனையை 1974இல் ஐ.நா. பொதுச்சபையில் முன்வைத்தது ஈரான். உடன் நின்றது எகிப்து. அன்றைய ஈரான் மன்னர் ஷாவின் ஈரான் என்பதை இன்றைய வாசகர் நினைவில் கொள்ள வேண்டும். 1990இல் எகிப்திய அதிபர் ஹோஸ்னி முபாரக் வேதி ஆயுதங்களையும் உயிரி ஆயுதங்களையும் அதில் சேர்த்தார். அரை நூற்றாண்டு கடந்தும் மண்டலம் உருவாகவில்லை. எது முதலில் என்ற தகராறே இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம்: அமைதி வந்த பின்னரே ஆயுதக் களைவு என்கிறது இஸ்ரேல், ஆயுதம் களையப்பட்டால்தான் அமைதி என்கிறது எகிப்து. தகராறு மெய்தான். ஆனால் அதற்கும் அடியில் வேறொரு கோளாறு உண்டு. எல்லா நாடுகளும் எல்லா ஆயுதங்களையும் கைவிடும்வரை எவரும் எதையும் கைவிட வேண்டியதில்லை என்ற நிலையை இம்முயற்சியே வளர்த்துவிட்டது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1990களில் வாய்ப்பு இருந்தது. ஈராக்கின் ஆயுதங்களை அழிக்க ஆணையிட்ட பாதுகாப்பு அவையின் 687ஆம் தீர்மானம் (1991), இந்த மண்டலத்தையும் இலக்காகக் குறிப்பிட்டது. மாட்ரிட் அமைதி மாநாட்டின் வழிவந்த ஆயுதக் கட்டுப்பாட்டுப் பேச்சுகளில் இஸ்ரேலும் பல அரபு நாடுகளும் ஒரே மேசையில் அமர்ந்தன. இஸ்ரேலின் அணுத்திறனைப் பேசுவதா கூடாதா என்பதில் கெய்ரோவும் ஜெருசலேமும் மோத, 1995இல் அவை நின்றுபோயின. அதே ஆண்டில் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தைக் காலவரையின்றி நீட்டிக்க அரபு நாடுகளின் இசைவு தேவைப்பட்டது. அதற்கு ஈடாகக் கிடைத்ததுதான் அமெரிக்கா, பிரிட்டன், ரஷ்யா முன்மொழிந்த, இம்மண்டலத்தை வலியுறுத்தும் மேற்காசியத் தீர்மானம். இம்மண்டலம் குறித்து 2012இல் கூட்டுவதாக ஒப்புக்கொள்ளப்பட்ட மாநாட்டுக்காக ஃபின்லாந்தின் யாக்கோ லாயாவா ஒருங்கிணைப்பாளராக உழைத்தார், மாநாடு கூடவில்லை. 2019 முதல் ஐ.நா.வில் ஆண்டுதோறும் கூடும் மாநாட்டுக்கு இஸ்ரேல் வருவதில்லை. அமெரிக்காவும் விலகி நிற்கிறது. முடிவுகள் ஒருமித்த கருத்தால் எடுக்கப்படுகின்றன. வரவேண்டியவர் வராத அவையில் ஒருமித்த கருத்தை எட்டுவது அரிதல்ல.

லத்தீன் அமெரிக்காவின் வழி வேறு. அவ்வட்டாரத்தை அணு ஆயுதமற்ற மண்டலமாக்க 1967இல் மெக்சிகோ நகரில் கையெழுத்தான ட்லாட்டெலோல்கோ ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுவோர் அதன் தடைப் பிரிவுகளையே போற்றுகின்றனர். எனக்கு முக்கியமாகப் படுவது வறட்சியான ஒரு நடைமுறைப் பிரிவு. வட்டாரத்தின் எல்லா நாடுகளும் இணைந்தால்தான் ஒப்பந்தம் நடைமுறைக்கு வரவேண்டும் என்று பிரேசில் தரப்பு வாதிட்டது. மெக்சிகோவின் அல்ஃபோன்சோ கார்சியா ரோப்லெஸ் தலைமையில் நடந்த பேச்சுகள் ஒரு சமரசத்தைக் கண்டன: அந்த நிபந்தனை 28ஆம் பிரிவில் இருக்கும், விரும்பும் நாடு அதைத் தன்னளவில் தள்ளுபடி செய்து உடனே கட்டுப்படலாம். மெக்சிகோ போன்றவை அவ்வாறே செய்தன. அர்ஜென்டினாவும் பிரேசிலும் 1994இல்தான் முழுமையாக உள்ளே வந்தன. கியூபா 2002இல் வந்தது. காத்திருக்காமல் தொடங்கியதால், அவை வந்தபோது நுழைவதற்கு ஓர் அமைப்பு இருந்தது.

இந்த ஒப்பீட்டுக்கு எல்லை உண்டு. லத்தீன் அமெரிக்காவில் அணு ஆயுதம் வைத்திருந்த நாடு எதுவும் இல்லை. அர்ஜென்டினாவுக்கும் பிரேசிலுக்கும் இடையே இருந்தது போட்டியே தவிர இருப்புக்கே ஆபத்தான பகை அல்ல. இஸ்ரேலின் டிமோனா அணு உலை பரவல் தடை ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்கும்போது மற்றவர்கள் மட்டும் கட்டுப்படுவது இஸ்ரேலின் தனியுரிமையை நிலைப்படுத்தும் என்று கெய்ரோ சொல்வதில் நியாயம் இருக்கிறது. அப்படியானால், கட்டுப்படாமல் இருந்ததால் அத்தனியுரிமை எவ்வளவு அசைந்தது என்பதையும் கேட்டாக வேண்டும்.

வேதி ஆயுதங்களின் வரலாறு இதற்கு விடை தருகிறது. 1993இல் வேதி ஆயுதத் தடை உடன்படிக்கை வந்தபோது, இஸ்ரேல் அணு ஒப்பந்தத்தில் சேரும்வரை அரபு நாடுகள் கையெழுத்திடக் கூடாது என்று எகிப்து வற்புறுத்தியது. அந்த அணி நிலைக்கவில்லை. ஜோர்டான் 1997இலும் லிபியா 2004இலும் ஈராக் 2009இலும் இணைந்தன. தன் மண்ணில் கூத்தாவில் நடந்த நச்சு வாயுத் தாக்குதலுக்குப் பிறகு 2013இல் சிரியாவும் இணைந்தது. இவற்றில் எதற்கும் ஈடாக இஸ்ரேல் எதையும் தரவில்லை. இன்று 193 நாடுகள் உள்ளே. வெளியே நிற்பவை எகிப்து, வட கொரியா, தென் சூடான், கையெழுத்திட்டும் உறுதிப்படுத்தாத இஸ்ரேல். முப்பது ஆண்டுகளாகப் பேரத்துக்கென்று எகிப்து வைத்திருக்கும் இந்தச் சீட்டு ஒருமுறைகூட விலைபோகவில்லை.

சிரியா இணைந்த பின்னும் நச்சு வாயுவைப் பயன்படுத்தியதே என்று கேட்கலாம். பயன்படுத்தியது. ஆனால் அறிவிக்கப்பட்ட ஆயுத இருப்பு சர்வதேச மேற்பார்வையில் அழிக்கப்பட்டதும், மறைத்தவை குறித்து ஆய்வாளர்கள் தொடர்ந்து கேள்வி எழுப்ப முடிந்ததும் உறுப்புரிமையால்தான். ஈராக்கின் ஹலப்ஜாவில் 1988இல் குர்து மக்கள் நச்சு வாயுவால் மடிந்தபோது அத்தகைய பிடி எதுவும் இல்லை.

2025 ஜூனில் இஸ்ரேலும் அமெரிக்காவும் ஈரானின் அணு நிலையங்களைத் தாக்கிய பிறகு, மூவகை ஆயுதங்களுக்கும் ஒரே ஒப்பந்தம் என்ற இலக்கு முன்னைவிடத் தொலைவில் இருக்கிறது. அந்த இலக்கைக் கைவிட வேண்டியதில்லை. மற்ற நகர்வுகளை அதன் பிணையிலிருந்து விடுவித்தால் போதும். ட்லாட்டெலோல்கோவின் தள்ளுபடி விதியை ஆண்டு மாநாட்டின் வரைவிலேயே சேர்க்கலாம். முதல் அடியை எகிப்து எடுக்க வேண்டும்: இஸ்ரேலுக்குக் காத்திராமல் வேதி ஆயுத உடன்படிக்கையில் சேர வேண்டும். அப்போது இஸ்ரேல் இந்த வட்டாரத்தில் அதற்கு வெளியே நிற்கும் ஒரே நாடாகிவிடும். 1993இல் இட்ட கையெழுத்தை ஏன் இன்னும் உறுதிப்படுத்தவில்லை என்பதற்கு அது தன் நட்பு நாடுகளுக்கே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.